பூச்சியிடம் பாடம் கேட்ட ஆல்பர்ட் ஹோவர்ட்

செடியில் பூச்சி கண்டதும் நீங்கள் முதலில் கேட்கும் கேள்வி, இதற்கு என்ன அடிக்கலாம் என்பதுதான். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவரானாலும் சரி, கொல்லையில் நாலு மல்லிகையும் ரோஜாவும் வைத்திருப்பவரானாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. ரசாயனத்தை விட்டு இயற்கை வழிக்கு வந்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கடைப் புட்டிக்குப் பதிலாக வேப்பங்கொட்டைக் கரைசல், அவ்வளவுதான் வித்தியாசம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று கேட்டார். இந்தப் பூச்சி ஏன் இந்தச் செடிக்கு வந்தது, பக்கத்துச் செடிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார். அவர் பெயர் ஆல்பர்ட் ஹோவர்ட். இந்தூர் முறைக் கம்போஸ்ட்டைக் கண்டவர் என்று வேளாண் அலுவலர்கள் அவரைப் பயிற்சிக் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் குப்பைக் குழிக்கு அவர் வந்து சேர்ந்தது உரத்தைத் தேடி மட்டுமல்ல. பூச்சியையும் நோயையும் பின்தொடர்ந்தும்தான். அந்தப் பாதை அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் இந்த வாரம் அவர் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன்.

இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷையர் பகுதியில், பிஷப்ஸ் கேசில் என்ற ஊரில், 1873 டிசம்பர் 8-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து முதல் வகுப்பில் தேறினார். 1899-ல் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள பார்படோஸுக்குப் பூஞ்சாண நோய் நிபுணராக அனுப்பப்பட்டார். கரும்பு நோய், கொக்கோ நோய் என்று ஆய்வகத்தில் நுண்நோக்கியோடு வேலை. தீவு தீவாகப் போய் விவசாயிகளுக்கு ஆலோசனையும் சொல்ல வேண்டும். அங்கேதான் அவருக்கு ஒரு சங்கடம் உண்டானது. தான் சொல்லும் மருந்தைத் தானே போட்டுப் பார்க்கத் தன் கையில் ஒரு காணி நிலம்கூட இல்லையே என்ற சங்கடம். விவசாய வீட்டுப் பிள்ளைக்கு அது உறுத்தியதில் வியப்பில்லை.

1903-ல் இங்கிலாந்து திரும்பி, கென்ட் பகுதியில் வை என்ற ஊரின் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே முக்கியப் பயிர் ஹாப்ஸ் என்ற கொடி. அதன் காய்போன்ற பூங்கொத்து பீர் தயாரிப்பில் கசப்புச் சுவைக்குச் சேர்க்கப்படுவது. ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. விளைச்சல் தருவது பெண்கொடிதான் என்பதால், ஆண்கொடிகளைத் தோட்டத்தில் வேண்டாத சுமையாகவே பலரும் நினைத்தார்கள். மகரந்தம் சேர்ந்த பூங்கொத்துகள் விரைவாக முற்றுவதையும், சாம்பல் நோயையும் அசுவினியையும் அவை நன்றாகத் தாங்குவதையும் ஹோவர்ட் சோதித்துக் காட்டினார். செடியை அதன் இயல்பான வாழ்க்கை வாழவிட்டால் பூச்சியைத் தாங்கும் வலு கூடுகிறது என்பதற்கு அவருக்குக் கிடைத்த முதல் சான்று இது. எந்த மருந்தும் தெளிக்காமல் கிடைத்த சான்று.

பூசாவில் கேட்டு வாங்கிய 75 ஏக்கர்

1905-ல் இந்தியா வந்தார். வைஸ்ராய் கர்சன் காலத்தில் பீகாரின் பூசா கிராமத்தில் அப்போதுதான் இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தது. இன்று டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூர்வீகம் அதுதான். ஹோவர்ட் அங்கே பயிரியல் நிபுணர். அதே ஆண்டு கேப்ரியேல் மத்தாயை மணந்தார். கேம்பிரிட்ஜில் ஒளிச்சேர்க்கை பற்றி ஆராய்ந்து பெயர் பெற்ற விஞ்ஞானி அவர். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் ஹோவர்ட் பெயரில் வந்த வேலையில் பாதி அந்த அம்மையாருடையது. கணவரின் உதவியாளர் என்ற பதவியில் தொடங்கி, 1913-ல் இரண்டாவது இம்பீரியல் பயிரியல் நிபுணர் என்ற பதவியைத் தன் தகுதியால் பெற்றார். கட்டுரைகளில் அவரை ஒரு வரியில் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை.

பூசாவில் ஹோவர்ட் முதலில் கேட்டது நிலம். 75 ஏக்கர் கிடைத்தது. சுற்றியுள்ள கிராமத்து விவசாயிகள் எப்படிப் பயிர் செய்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார். அவர்கள் பூச்சிமருந்து என்று எதையும் வாங்கவில்லை. கடை உரமும் போடவில்லை. ஆனாலும் பயிர்கள் பெரும்பாலும் சுத்தமாக இருந்தன. உடனே ஹோவர்ட் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த விவசாயிகளும், பயிரைத் தாக்கும் பூச்சிகளும் நோய்களுமே இனித் தமக்கு ஆசிரியர்கள். பூச்சியை அழிக்கும் வழியை அவர் தேடவில்லை. தம் நிலத்தில் அதை வரவிட்டு, எந்த ரகத்துக்கு, எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் வருகிறது என்று பார்த்தார். தவறான ரகமா, தவறான பருவமா, காற்றோட்டமில்லாத மண்ணா என்று பூச்சியே காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கணக்கு. ஐந்தே ஆண்டுகளில், மருந்தின் துணையில்லாமல் ஏறக்குறைய நோயற்ற பயிரை வளர்க்கக் கற்றுக்கொண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். ஹோவர்ட் தம்பதியர் தேர்ந்தெடுத்த பூசா 4, பூசா 12 கோதுமை ரகங்கள் வட இந்தியா முழுவதும் பரவியதும் இந்தக் காலத்து வேலையே.

அதே பூசாவில் பூச்சியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மேக்ஸ்வெல் லெஃப்ராய். இந்தியப் பூச்சிகளைப் பற்றி 1909-ல் பெரும் நூல் ஒன்றை வெளியிட்ட மேதை. பிறகு லண்டன் திரும்பிப் பூச்சிகொல்லி வாயுக்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, 1925-ல் அந்த நச்சு வாயுவையே சுவாசித்து இறந்துபோனார். ஒரே வளாகத்தில் வேலை பார்த்த இருவர் எவ்வளவு வேறுவேறு திசையில் போயிருக்கிறார்கள் பாருங்கள். லெஃப்ராயின் இடத்துக்குப் பின்னர் வந்த பெயின்பிரிக் ஃபிளெச்சர் நம் கோவையில் சென்னை மாகாணப் பூச்சியியலராக இருந்து போனவர். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914-ல் வந்த அவர் நூல் என் துறையில் இன்றும் பேசப்படுகிறது.

பூசாவில் ஹோவர்டின் உழவுமாடுகளைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நன்றாகத் தீவனம் போட்டு வளர்த்த அவர் மாடுகளின் கொட்டகைக்கும், நிலையத்தின் பெரிய கொட்டகைக்கும் நடுவே தாழ்ந்த வேலி ஒன்றுதான். அந்தப் பக்கம் கோமாரி கண்ட மாடுகள். இரண்டு பக்கத்து மாடுகளும் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்வதைப் பார்த்தும் அவர் தடுக்கவில்லை. அவருடைய மாடுகளுக்கு நோய் வரவில்லை. இதைப் படித்துவிட்டுக் கோமாரித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கொட்டகையில் கண்டதை ஊர் முழுமைக்கும் விதியாக்க முடியாது. ஹோவர்ட் அப்படி ஆக்கப் பார்த்தார். அங்கேதான் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

குவெட்டாவில் அசுவினி

பூச்சி விஷயத்தில் ஹோவர்டின் மிகச் சிறந்த வேலை நடந்தது, இன்று பாகிஸ்தானில் உள்ள குவெட்டா பள்ளத்தாக்கில். 1910 முதல் சில ஆண்டுகள், கோடைக் காலங்களில் ஹோவர்ட் தம்பதியர் அங்கே ஒரு பழத்தோட்டச் சோதனை நிலையத்தை நடத்தினார்கள். மழை குறைந்த, வாய்க்கால் பாசனத்தை நம்பிய பூமி. பீச், பாதாம் மரங்களில் இளவேனிலில் துளிர் விடும்போது அசுவினி மொய்த்துவிடும். நம் ஊர் அவரைக் கொழுந்திலும் ரோஜா மொக்கிலும் அப்பிக்கொள்ளும் அதே இனம்தான். சாறு உறிஞ்சி இலையைச் சுருட்டும்.

ஹோவர்ட் வேரைத் தோண்டிப் பார்த்தார். பனிக்காலத்தில், மரம் உறங்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தோட்டத்துக்குத் தண்ணீரை அளவுக்கு மீறிக் கட்டினால் மண் இறுகிப் போகிறது. வேருக்குக் காற்று இல்லை. அந்த நிலையில் துளிர்க்கும் கொழுந்துகளில் அசுவினி பெருகுகிறது. அதே மரத்தின் அடியில் ஆழமாகக் கொத்திவிட்டு மண்ணுக்குக் காற்றோட்டம் கொடுத்தால், அதற்குப் பிறகு வரும் இலைகள் சுத்தமாக இருக்கின்றன. ஒரே கிளையில் கீழே சுருண்ட இலைகளில் அசுவினிக் கூட்டம். மேலே புது இலைகளில் ஒன்றுகூட இல்லை. பூச்சி ஒரு சாண் தூரம் ஏறிப் போக முடியாமலா இருந்தது? போக விரும்பவில்லை என்று ஹோவர்ட் புரிந்துகொண்டார். தண்ணீரையும் கொத்துதலையும் மாற்றி, அசுவினியை வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டாதபோது விலக்கவும் அவரால் முடிந்தது.

ஏன் இப்படி? இன்றைய பயிர் உடலியல் ஓரளவு பதில் சொல்கிறது. அசுவினிக்கும் தத்துப்பூச்சிக்கும் உணவு, செடியின் சாற்றில் கரைந்திருக்கும் அமினோ அமிலங்கள். வேர் மூச்சுத் திணறினால், அல்லது யூரியா அளவுக்கு மீறினால், செடியால் அந்த அமிலங்களை முழுவதும் புரதமாகக் கட்டிக்கொள்ள முடிவதில்லை. சாற்றில் அவை தேங்குகின்றன. இலையும் மெல்லியதாகிறது. பூச்சிக்கு இதைவிட நல்ல பந்தி ஏது?

இதை உங்கள் வயலில் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். சம்பா நெல்லில் தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டி, தண்ணீரையும் வடியவிடாமல் நிறுத்திவைத்த வயலில்தான் புகையான் வட்டம் வட்டமாக எரிக்கிறது. பயிர் கரும்பச்சையாக நிற்பதைப் பார்த்து நாம் மகிழும்போது புகையானும் மகிழ்கிறது. இரண்டரை மீட்டருக்கு ஒரு முறை ஓரடி பட்டம் விட்டு நடுவது, யூரியாவைப் பிரித்துப் போடுவது, இடையிடையே நீரை வடித்து மண்ணைக் காயவிடுவது ஆகியவற்றை நாங்கள் பரிந்துரைப்பதும் இதனால்தான். தெளிப்பான் தோளில் ஏறுவதற்கு முன்பே பாதிச் சண்டை முடிந்துவிடும்.

பூந்தோட்டத்துக்கும் இது பொருந்தும். ரோஜாவிலோ அவரைப் பந்தலிலோ அசுவினி அப்பியிருந்தால், தண்ணீர் கட்டிய மறுநாள் செடியிலிருந்து ஓரடி தள்ளி மண்வெட்டியால் ஒரு சிறு குழி எடுங்கள். மண் களிம்புபோல் ஒட்டுகிறதா, அழுகல் வாடை வருகிறதா, வேர் நுனி வெளுப்பாக இருக்கிறதா பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பாக இருந்தால் பாசன இடைவெளியைக் கூட்டி, கொத்திவிட்டு, மட்கிய எருவை மேலாகச் சேர்த்துவிட்டு, அடுத்த துளிரைக் கவனியுங்கள். மல்லிகையில் மொக்கைக் கெடுக்கும் ஈயின் கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும். நவம்பர் கடைசியில் கவாத்து செய்யும்போது அடிமண்ணைக் கொத்திப் புரட்டி வேப்பம் பிண்ணாக்கு இடுவது அதன் வழியை அடைக்கத்தான். இதற்கெல்லாம் பிறகும் பூச்சி நின்றால் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை மாலை நேரத்தில் அடியுங்கள். வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

ஹோவர்ட் குவெட்டாவில் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வெயில் ஏறஏற அசுவினி தானாகக் குறையும். பொறிவண்டும் குளவியும் பெருகும். அவர் வேரைப் பார்த்த அளவுக்கு இந்த நல்ல பூச்சிகளைப் பார்க்கவில்லை. அவர் எழுத்தில் அவை அபூர்வமாகத்தான் தலைகாட்டுகின்றன.

இந்தூரும் குப்பைக் குழியும்

பூசாவில் பயிர் வளர்ப்பு ஒரு துறை, பூச்சி ஒரு துறை, நோய் ஒரு துறை என்று தனித்தனி அறைகள். ஒரு செடியை நான்கு பேர் துண்டு போட்டு ஆராய்வது ஹோவர்டுக்குப் பிடிக்கவில்லை. அவர் எல்லை தாண்டுவது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. 1924-ல் பருத்திக் குழுவின் பணமும் மத்திய இந்திய சமஸ்தானங்களின் உதவியும் கொண்டு இந்தூரில் 300 ஏக்கரில் ஒரு நிலையம் அமைந்தது. ஹோவர்ட் அதன் இயக்குநரானார். இந்த முறை துறைச் சுவர்கள் இல்லை.

பருத்திச் செடி மிளார், களை, கரும்புச் சோகை என்று கரிசல் காட்டில் கிடைத்ததையெல்லாம் மாட்டுக் கொட்டகையில் ஓரிரவு பரப்பி மாடுகள் மிதிக்கவிடுவார்கள். மறுநாள் அதைச் சாணம், மூத்திரம் ஊறிய மண், அடுப்புச் சாம்பலோடு அடுக்கடுக்காகக் குழியில் போட்டு நீர் தெளிப்பார்கள். மூன்று முறை புரட்டினால் மூன்று மாதத்தில் மட்கு தயார். மழைக்காலத்தில் குழியில் நீர் தேங்கும் என்பதால் தரைக்கு மேலேயே குவியலாகப் போடச் சொன்னார். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதியில் குழி எடுத்துவிட்டுத் தண்ணீர் இறைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஏரியை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையையும் இப்படி மட்கவைக்கலாம். ஹோவர்டே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த முறையை யஷ்வந்த் வாட் என்ற இந்திய உதவியாளரோடு சேர்ந்து 1931-ல் நூலாக வெளியிட்டார்.

இது அவர் கண்டுபிடிப்பா என்று கேட்டால், முழுவதும் இல்லை. சீன விவசாயிகளின் எரு முறை பற்றி அமெரிக்கர் எஃப்.எச். கிங் எழுதிய நூலையும், நம் கிராமத்துக் குப்பைமேட்டையும் பார்த்து, அவற்றுக்கு அளவும் நாள்கணக்கும் கொடுத்தார். அதுவும் பெரிய வேலைதான். நம் வீட்டு எருக்குழி பல இடங்களில் மட்குவதற்குப் பதிலாக வெயிலில் காய்ந்தும் மழையில் கரைந்தும் போகிறது.

நூல் வெளிவருவதைக் காண கேப்ரியேல் இல்லை. 1930 ஆகஸ்ட்டில் ஜெனீவாவில் இறந்துபோனார். மறு ஆண்டு ஹோவர்ட் பணியிலிருந்து விலகி இங்கிலாந்து போனார். கேப்ரியேலின் தங்கை லூயிஸைப் பின்னர் மணந்தார். 1934-ல் சர் பட்டம் வந்தது. மறு ஆண்டு இந்தூர் போன காந்தியடிகள் நிலையத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கம்போஸ்ட் முறையைத் தம் ஹரிஜன் இதழில் கிராமங்களுக்குப் பரிந்துரைத்தார். 1940-ல் கேப்ரியேலுக்குச் சமர்ப்பணமாக ஹோவர்டின் முக்கிய நூல் வெளிவந்தது. உலகெங்கும் இயற்கை வேளாண்மை பேசுவோர் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்த நூலில் அவர் துணைக்கு அழைத்தவர்களில் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்கேரிசனும் உண்டு. மெக்கேரிசனும் கோவை வேளாண் வேதியியலர் பி. விஸ்வநாத்தும் 1926-ல், கோவையில் மாட்டெருவிட்டு விளைந்த தானியத்தையும் ரசாயன உரமிட்டு விளைந்ததையும் பறவைகளுக்கும் எலிகளுக்கும் கொடுத்து ஒப்பிட்டார்கள். எருவில் விளைந்ததில் ஊட்டம் கூடுதல் என்று கண்டார்கள். ஹோவர்டின் வாதத்துக்கு நம் மண்ணிலிருந்து போன சான்று அது.

இங்கே என் மாறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். வயதாக ஆக ஹோவர்டின் பேச்சு கடுமையாகியது. மட்கு நிறைந்த மண்ணில் வளரும் பயிரைப் பூச்சி தொடாது, தொட்டால் அது உன் குற்றம் என்கிற அளவுக்குப் போனார். பூச்சியியலர்கள் அனைவரையும் வேண்டாத வேலை பார்ப்பவர்களாகவே எண்ணினார். அப்படி இல்லை. 2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை எண்ணிப் பாருங்கள். எரு போட்ட தோட்டம், போடாத தோட்டம் என்று பார்க்காமல் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெளுத்தது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரித் தோட்டத்தையே பிடுங்கிப் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து எதிரிகள் இல்லாமல் தனியாக வந்த பூச்சி அது. மண்வளத்தால் அதை நிறுத்த முடியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பூச்சியியலர்கள் கொண்டுவந்து விட்ட கடுகளவும் இல்லாத ஒட்டுண்ணிக் குளவிதான் சில மாதங்களில் அதை அடக்கியது. இதுவும் இயற்கை வழிதான். ஆனால் ஹோவர்ட் வேண்டாம் என்ற துறை கொடுத்த வழி.

ஆகவே ஊருக்குள் பழகிப்போன அசுவினி, புகையான், தத்துப்பூச்சி வந்தால் ஹோவர்டிடம் போங்கள். மண்ணையும் தண்ணீரையும் யூரியாவையும் பாருங்கள். இதுவரை கண்டிராத பூச்சி திடீரென்று தோட்டம் தோட்டமாகப் பரவினால் காத்திருக்காமல் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கு ஒரு கிளையோடு போங்கள்.

ஆல்பர்ட் ஹோவர்ட் 1947 அக்டோபர் 20-ல் லண்டனில் காலமானார். டி.டி.டி. போர்க்களத்திலிருந்து வயலுக்கு வந்துகொண்டிருந்த நேரம். அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் பேச்சைக் கேட்க யாருக்கும் பொழுதில்லை. பூசா நிலையம் 1934 நிலநடுக்கத்தில் இடிந்து டெல்லிக்கு மாறிவிட்டது. குவெட்டாவோ எல்லைக்கு அப்பால் போய்விட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனைத் திடல் மட்டும் இன்றும் ஆண்டுதோறும் உழுது விதைக்கப்படுகிறது. மாட்டெரு மட்டும் இட்ட பாத்தி, ரசாயன உரம் மட்டும் இட்ட பாத்தி, நூறு ஆண்டுக்கு மேலாக எதுவும் இடாத பாத்தி எல்லாம் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. கோவைப் பக்கம் போகும் வேலை இருந்தால், மண்ணியல் துறையில் கேட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.